கவிழ்த்து வைத்த டம்ளர்

எக்ஸ்சேஞ்ச் அக்கா வேலையில் சேர்ந்த அன்று கற்றுக்கொண்ட முதல் பாடம், பேசிக்கொண்டிருப்பவர்களின் லைனைப் பாதியில் பிடுங்கக் கூடாது என்பது. தொலைபேசி நிலையத்திலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் அதை மீறியதில்லை. ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடன் வேண்டுமா என்று கேட்டு அழைக்கும் பெண்களிடம்கூட, "வேண்டாம்மா, நீ சாப்பிட்டியா? சரி, முதல்ல நீ வை" என்று சொல்லி, எதிர்முனையில் வைக்கும்வரை காதிலிருந்து போனை எடுக்க மாட்டார்.

"உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்க்கா, அந்தப் பொண்ணுங்க வேலை போயிடும்" என்று தங்கை கட்டிலில் இருந்தபடி கிண்டல் செய்வாள்.

சிறுவயதில் வந்த காய்ச்சல் தங்கையின் கால்களைக் கொண்டுபோய்விட்டது. வாயை மட்டும் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்பது அக்காவின் பதிலடி. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்குக் காலையில் காபி கொடுத்து, தூக்கி உட்காரவைத்து, தலைவாரி விடுவதில்தான் நாள் தொடங்கும். சம்பளத்திலும் பென்ஷனிலும் பிடித்துப் பிடித்துச் சேர்த்ததை வங்கியில் ஒரே டெபாசிட்டாகப் போட்டிருந்தார். தான் இல்லாமல் போகும் நாளில் தங்கையைத் தூக்கி உட்காரவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான பணம் அது.

அன்று காலை, பால் அடுப்பில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது.

குரல் கம்பீரமாக இருந்தது. பெரிய அதிகாரி என்றது. அக்காவின் பெயரில் அனுப்பப்பட்ட பார்சல் ஒன்றில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது என்றது. அக்காவின் முழுப் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. தங்கையைப் பற்றியும் தெரிந்திருந்தது.

"உங்களைக் கைது பண்ணினா அவங்களை அனாதை இல்லத்துலதான் சேர்ப்பாங்க. எனக்கே மனசு கேட்கல. பயப்படாதீங்க, நான் உங்க மகன் மாதிரி சொல்றேன். உங்க டெபாசிட்டை உடைச்சு நாங்க சொல்ற கணக்குல போடுங்க. சரிபார்த்துட்டு சாயங்காலமே திருப்பிடுவோம். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. லைனைக் கட் பண்ணவே கூடாது."

கடைசிக் கட்டளையை அவருக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

அக்கா அடுப்பை அணைத்தார். குரல் சொன்னபடியே காதில் இயர்போன் ஒயரை மாட்டிக்கொண்டார். போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பால் அடுப்பிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

வங்கிக்குப் பக்கத்துக் கட்டடம் மருந்துக்கடை. "அக்கா, தங்கச்சியோட மாத்திரை வந்துடுச்சு" என்று கடைக்காரர் குரல் கொடுத்தார். அக்கா திரும்பவில்லை. "அப்புறம்" என்றபடி படியேறிவிட்டார். கடைக்காரரின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்காமல் அவர் அந்தக் கடையைத் தாண்டியதே கிடையாது. கடைக்காரர் அந்த ஒயரைப் பார்த்தார். அக்காவின் முகத்தையும் பார்த்தார். கல்லாவைப் பூட்டிவிட்டு, வங்கியின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். கவுண்டரில் இருந்த காசாளரின் கண்ணில் படுமாறு தன் காதை ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டு, அக்காவின் வீட்டுப் பக்கமாக வேகமாக நடந்தார்.

காசாளர் நாற்பதைத் தொடும் பெண். தினமும் பெட்டியைத் திறக்கும் முன் கண்ணை மூடி ஒரு நொடி பிரார்த்தனை செய்பவள். தன் கை வழியாகப் போகும் எதுவும் யாரையும் அழவைக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பிரார்த்தனை. ஒருமுறை அது பலிக்கவில்லை. போன வருடம் வயதான ஒருவர் இதேபோல் காதில் ஒயருடன் வந்து நின்றார். அவள் எழுந்து நின்று, "சார், உங்களை ஏமாத்தறாங்க" என்று நேரடியாகச் சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். வேறொரு கிளையில் அதே மதியம் பணத்தை அனுப்பிவிட்டார். நல்ல சொல்லையும் தவறான நேரத்தில் சொன்னால் அது ஆளைத் துரத்திவிடும் என்று அவளுக்கு அன்றுதான் புரிந்தது.

அவர் யார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மருந்துக்கடையில், தையல்கடையில், பிரார்த்தனை முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவைத்தாள். "காதுல கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நாம எதுவும் சொல்ல முடியாது. சொன்னா வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதனால கொஞ்ச நேரம் பிடிச்சு வைப்போம். சொந்தக்காரங்க யாராவது வர்ற வரைக்கும். நான் என் டம்ளரைக் கவுண்டர் மேல கவிழ்த்து வைப்பேன். பார்த்தா புரிஞ்சுக்கோங்க. அவ்வளவுதான்."

புதிதாக வந்த மேனேஜர் இதைக் கேட்டுச் சிரித்தார். "இது பேங்கா, நாடகக் கொட்டகையா?"

அன்றுவரை அந்த டம்ளர் கவிழ்ந்ததே இல்லை. இப்போது அவள் அதில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். கண்ணாடிக்கு வெளியே, எல்லோரும் பார்க்கும் மரப்பலகையில், சத்தமில்லாமல் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

மற்றொரு காசாளர் விடுப்பில் இருந்ததால் அன்று ஒரே வரிசைதான். முதலில் தையல்காரர். அவருக்குப் பின்னால் இடுப்பில் பெண் குழந்தையுடன் ஒரு தாய். அடுத்து, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மீசைக்காரர். அவருக்குப் பின்னால் அக்கா, டெபாசிட் ரசீதை நெஞ்சோடு அணைத்தபடி.

தையல்காரர் வேலை முடிந்து நகரப் போனவர். டம்ளரைப் பார்த்தார். எடுத்த காலைத் திரும்ப வைத்தார்.

"மேடம், இந்த சலான்ல பேனா சரியா பதியல. புதுசா ஒண்ணு எழுதிடட்டுமா?"

"எழுதுங்க. அவசரமே இல்ல."

பட்டுத்துணியில் காஜா எடுப்பதுபோல் அவர் அந்தச் சலானை நிரப்பினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தத் தாயின் முறை. பிள்ளைக்குக் கணக்குத் தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். காசாளர் சொன்னாள். "மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க மேடம், எனக்குப் பிரசவத்துக்கு அப்புறம் ஞாபகமே நிக்கிறதில்ல" என்றாள். காசாளர் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

அந்த வங்கியின் வரிசை லேசுப்பட்டது அல்ல. மின்விசிறி ஒரு சுற்றுத் தாமதமாகச் சுற்றினாலே காசாளரின் பரம்பரையை விசாரிக்கும் வரிசை அது. அக்காவுக்குப் பின்னால் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் கவுண்டரைப் பார்த்தார்கள், டம்ளரைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வேலைக்கு நேரமான ஒரு பெண் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விஷயம் தெரியாத ஒருவர் வாயைத் திறக்கப் போக, பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் மெதுவாகக் கை வைத்தார். அவரும் மூடிக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத இத்தனை பேர், ஒரு வார்த்தை பேசாமல், தங்கள் காலை நேரத்தை எடுத்து ஒரு மூதாட்டியின் முன் சுவராகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் செய்த பிரார்த்தனைக்கு இப்படி ஒரு உருவம் இருக்கும் என்று காசாளர் நினைத்ததில்லை.

அக்காவின் காதில் குரல் கேட்டது. "ஏன் இவ்வளவு நேரம்?"

"வரிசை சார்" என்றார் அக்கா வாய்க்குள்.

அப்போதுதான் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். நல்ல மனிதர். வரிசை நீண்டு நிற்பதையும், அதில் வெள்ளைத் தலையுடன் ஒருவர் நிற்பதையும் கண்டதும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"என்ன இது, நகரவே இல்லையே? பெரியவங்களை இப்படி நிக்க வைக்கலாமா? அம்மா, நீங்க என் ரூமுக்கு வாங்க. என்ன வேலையா இருந்தாலும் ரெண்டே நிமிஷத்துல முடிச்சுத் தரேன்."

நல்லது செய்ய வந்தவரை எப்படித் தடுப்பது என்று காசாளருக்குத் தெரியவில்லை. அக்கா ஓரடி எடுத்து வைத்தார். அந்தக் கணத்தில் குழந்தையின் தாய் குறுக்கே வந்து, பிள்ளையைத் தூக்கி மேனேஜரின் கையில் வைத்துவிட்டாள்.

"கொஞ்சம் பிடிங்க சார், கையெழுத்துப் போடணும்."

"அம்மா, நான் எப்படி..."

"அழ மாட்டா சார். அவளுக்கு மூக்குக்கண்ணாடி போட்டவங்களைப் பிடிக்கும்."

பிடித்துதான் போயிற்று. குழந்தை இரண்டு கைகளாலும் அவர் கண்ணாடியைப் பறித்தது. மேனேஜர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதவிக்கு யாராவது வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் வரவில்லை. காசாளரைப் பார்த்தார். அவள் பார்வை போன இடத்தில் டம்ளர் இருந்தது. கண்ணாடி இல்லாமலே அது அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்த வாய் இப்போது உலர்ந்தது. குழந்தையை மார்போடு சேர்த்து நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டம் கொஞ்சம் மெதுவா இருக்குதும்மா. உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

அந்தக் கனிவுதான் அந்தக் குரலை உஷார்ப்படுத்தியது. "உட்காராதீங்க. அவங்க வேணும்னே இழுத்தடிக்கிறாங்க. வெளியே வாங்க, வேற கிளைக்குப் போவோம். நான் வழி சொல்றேன்."

அக்கா வரிசையை விட்டு விலகினார். கதவைப் பார்த்து நடந்தார். தையல்காரரிடம் சலான் தீர்ந்துவிட்டது. தாயிடம் குழந்தையும் இல்லை. காசாளர் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தால் போன வருடம் நடந்ததே மறுபடி நடக்கும் என்று தெரிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தையல்காரரே."

பேசியவர் மீசைக்காரர். அந்தத் தெருவில் அவர் குரலைக் கேட்டே பல மாதங்கள் ஆகியிருந்தன. காய்கறி வாங்கக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து போகிறவர். அந்தக் காசாளர் இருக்கும் வரிசையில் அவர் நிற்பதே இல்லை. அன்று வேறு வரிசை இல்லாததால் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார். இப்போது தலை நிமிர்ந்திருந்தது. பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பேசிப் பழகிய குரல் அது.

"ஏன் சொந்த வீட்டை வித்துட்டு வாடகைக்கு வந்தேன்னு ஒரு தடவை கேட்டீங்கல்ல?"

"மகன் படிப்புக்குன்னு சொன்னீங்க சார்."

"பொய். ஒருத்தன் போன்ல கூப்பிட்டான். பார்சல் பிடிபட்டிருக்குன்னான். கைது பண்ணப்போறேன்னான். லைனை வைக்கக் கூடாதுன்னான்."

அக்காவின் கால் கதவருகே நின்றது. ஒரே நேரத்தில் இரண்டு லைனைக் கேட்பது அவருக்குப் புதிதில்லை. ஒரு காதில் ஒன்றும் மறுகாதில் ஒன்றுமாகக் கேட்டே ஆயுளின் பாதியைக் கழித்தவர். மற்ற லைனைக் கேட்கும்போது இந்த லைனின் வாயை மூடுவது அந்த வேலையின் பழக்கம். அவர் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுந்து, ஒயரில் தொங்கிய மைக்கைப் பொத்தியது.

மீசைக்காரர் அக்காவைப் பார்க்கவில்லை. தையல்காரரையே பார்த்துப் பேசினார். அவர் காதுமடல்கள் சிவந்திருந்தன.

"நான் உங்க மகன் மாதிரி சொல்றேன்னான். பெத்த மகன் போன் பண்ணி மாசக்கணக்கா ஆகியிருந்துச்சு. அதான் அந்தச் சொல்லுல விழுந்துட்டேன். வேற கிளைக்குப் போங்க, நான் வழி சொல்றேன்னான். போனேன். இந்தம்மா என்னைத் தடுத்தாங்க." அவர் காசாளரைக் கைகாட்டினார். "இவங்களைத் திட்டிட்டுப் போனேன். கடைசியில என்ன சொன்னான் தெரியுமா? இந்த ஒரு கையெழுத்தோட எல்லாம் முடிஞ்சுடும், இன்னைக்கு நீங்க நிம்மதியா தூங்குவீங்கன்னான். போன பணத்துக்கு ஈடுகட்டத்தான் வீட்டை வித்தேன். அன்னையிலேர்ந்து நான் தூங்கவே இல்ல."

மேனேஜர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அக்காவின் மறுகாதில் குரல் பொறுமை இழந்திருந்தது. சட்டென்று மென்மையானது. "என்னம்மா, பதிலையே காணோம்? பயப்படாதீங்க. இந்த ஒரு கையெழுத்தோட எல்லாம் முடிஞ்சுடும். இன்னைக்கு நீங்க நிம்மதியா தூங்குவீங்க."

எதையோ பார்த்துப் படிக்கும் குரலை அக்காவுக்கு அடையாளம் தெரியும். நேரம் சொல்லும் குரல், 'நீங்கள் அழைத்த எண்' என்று ஆரம்பிக்கும் குரல், எல்லாம் அந்த ஜாதிதான். யாரிடம் சொன்னாலும் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். காலை முதல் தன்னுடன் பேசிக்கொண்டிருந்தது ஒரு அதிகாரி என்று அவர் நம்பியிருந்தார். ஒரு மகன்கூட என்று ஒரு மூலையில் நம்பியிருந்தார்.

அவர் போனைக் கைப்பையிலிருந்து எடுத்தார். பழைய எக்ஸ்சேஞ்ச் பலகையில் ஒயரைப் பிடுங்குவதுபோல் காது ஒயரை அதிலிருந்து பிடுங்கினார். அந்தக் காலத்துப் பலகையில் அத்தோடு பேச்சு நின்றுவிடும். இந்தப் போனில் நிற்கவில்லை. குரல் வெளியே பாய்ந்து கூடம் முழுவதும் ஒலித்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? நான் உங்க மகன் மாதிரி சொல்றேன், கட் பண்ணிடாதீங்க. கட் பண்ணினா உங்க தங்கச்சியை நடுத்தெருவுல..."

மீசைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அதைக் கேட்டார்கள். ஒரு ஆள் முழுவதுமாகக் கொள்ளைபோவது எப்படிப்பட்ட சாதாரணக் குரலில் நடக்கிறது என்று கேட்டார்கள்.

அக்கா நிமிர்ந்து நின்றார். போனை வாயருகே கொண்டுபோனார். அங்கிருந்த யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது. தெளிவாக, மரியாதையாக, ஒரு இழை நடுக்கம் இல்லாமல்.

"உங்கள் நேரம் முடிந்தது. இணைப்பைத் துண்டிக்கிறேன்."

சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மறுபடி அது அடித்தது. மறுபடி துண்டித்தார். மூன்றாவது முறை அடிக்கும்முன் மேனேஜர் குழந்தையோடு வந்து, "கொடுங்கம்மா, அந்த நம்பரை நான் புகார் பண்றேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகுதான் அக்கா உட்கார இடம் தேடினார். தாங்கிப் பிடிக்க இத்தனை கைகள் எங்கிருந்து வந்தன என்று சொல்ல முடியாது. உட்காரவைத்தார்கள். காசாளர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து, கவிழ்ந்திருந்த டம்ளரை நிமிர்த்தி, தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். அக்கா அதை வாங்கி, தான் குடிக்காமல் மீசைக்காரரிடம் நீட்டினார்.

"இத்தனை பேர் முன்னாடி ஏன் சார் சொன்னீங்க? உங்களுக்குத் தலைக்குனிவு இல்லையா?"

மீசைக்காரர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "வண்டி தடம் புரண்டா கார்டோட முதல் வேலை என்ன தெரியுமாக்கா? சிவப்புக் கொடியை எடுத்துக்கிட்டுப் பின்னால ஓடணும். பின்னால வர்ற வண்டியை நிறுத்தணும். அடிபட்டிருந்தாலும் ஓடணும். நான் ஓடல. ஒரு வருஷமா கவிழ்ந்த வண்டிக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன்." தண்ணீரைக் குடித்தார். பிறகு காசாளரைப் பார்த்து, "அன்னைக்கு உங்களைத் திட்டினதுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அதுக்கென்ன சார். இந்த வரிசைல திட்டு வாங்காத நாளே கிடையாது" என்றாள் அவள். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது.

வாசலில் சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரரும் எதிர்வீட்டு இளைஞரும் ஒரு நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்கப் படியேறி வந்தார்கள். நாற்காலியில், வாரப்படாத தலையுடன், மகாராணிபோல் தங்கை உட்கார்ந்திருந்தாள். தெருவைப் பார்த்தே எத்தனையோ காலம் ஆனவள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்திருக்க வேண்டும். தூக்கி வந்தவர்களின் முகத்தில் அந்தக் களைப்பும் சேர்ந்து தெரிந்தது.

"எனக்குக் காபி கொடுக்காம நீ வெளியே போனதா சரித்திரமே இல்லையேக்கா. இவர் வந்து கதவைத் தட்டினப்பவே தெரியும், ஏதோ நடந்திருக்குன்னு" என்றாள் தங்கை. "காலையிலேர்ந்து யார்கூட அப்படி என்ன பேச்சு?"

அக்கா அவளைப் பார்த்தார். எழுந்து போய், கலைந்திருந்த தலையைத் தன் விரல்களால் கோதிவிட்டார். தங்கை கையைத் தட்டிவிடவில்லை.

"ராங் நம்பர்டி" என்றார் அக்கா.

டெபாசிட் ரசீது நாலாக மடிந்து கைப்பைக்குள் போயிற்று. காசாளர் தன் இடத்துக்குத் திரும்பினாள். டம்ளரை அது வழக்கமாக இருக்கும் இடத்தில், கண்ணாடிக்கு உள்பக்கம், நேராக வைத்தாள். வெளியே நிற்பவர்களைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. எப்படிச் செய்வது என்று தெரியாமல் பேனாவைக் கையில் எடுத்தாள்.

"மேடம்" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. காலையிலேர்ந்து நிக்கிறோம், எங்களுக்கும் வேலை இருக்குல்ல?"